காற்று விழுந்த சித்திரைக் காலை: வெப்பத் தாக்கத்துக்கு உள்ளான ஒரு நாயின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யும் என்னிடம், ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடிவிலிருந்து ஆவணி வரை, வெப்பத்தால் விழுந்த நாய்களைத் தூக்கிக்கொண்டு மக்கள் வருகிறார்கள். அவற்றுள் ஒன்றின் கதையை மட்டும் இங்கே முழுமையாக எழுதுகிறேன். அது அரிதான நோய் என்பதற்காக எழுதவில்லை. அந்த நாயை வளர்த்தவர்கள் அன்பில் குறை வைக்காதவர்கள்; வளவில் நிழல் இருந்தது, சட்டியில் தண்ணீர் இருந்தது, மருத்துவரும் முதல் அழைப்பிலேயே தொலைபேசியில் கிடைத்தார்; இத்தனையும் இருந்தும் அது பிழைக்குமா என்பது மூன்று நாட்கள் தெரியாமல் கிடந்தது. எங்கே தவறு நேர்ந்தது என்று நேரத்தை ஒவ்வொரு நிமிடமாகப் பின்னோக்கி எழுதிப் பார்த்தபோது, பிழைகளில் ஒன்று நான் தொலைபேசியில் சொன்ன ஒரு வசனம் என்பதைக் கண்டேன். குடும்பத்தாரின் சம்மதத்துடன், அவர்களை இனங்காட்டும் விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

அன்று காலை

சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலாகத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து செல்லும். திருகோணமலைக்கு நேர் மேலே வருவது 12 ஆம் திகதி அளவில். ஆகவே வெயில் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆனால் அன்று காலை வானம் மூடியிருந்தது. வெள்ளை வெளிச்சம் மட்டுமே இருந்தது, தென்னோலை அசையவில்லை. என் சிகிச்சை நிலையத்துச் சுவரில் தொங்கும் மானியில் முற்பகல் பத்து மணிக்கு 33 பாகை செல்சியஸும் 74 வீத ஈரப்பதனும் காட்டின.

வீடு உப்புவெளிக்கு அப்பால், நிலாவெளி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. அங்கே இரண்டு நாய்கள். ரொக்கி 9 வயதான கறுப்பு லப்ரடோர் ஆண். அன்று அதன் எடை 39 கிலோ, அதன் எலும்புக்கட்டுக்கு 32 கிலோவே போதும். செம்பி 5 வயதான ஊர் நாய்; பெண், 14 கிலோ. படலை திறந்தால் வீதிக்கு ஓடிவிடும் என்பதால் ரொக்கியைப் பகலில் வீட்டின் மேற்குப் பக்கத்துத் தகரக் கொட்டிலில் சங்கிலியில் கட்டுவார்கள்; மாலையில் ஒழுங்கையின் முனைவரை ஒரு நடை நடத்துவார்கள். செம்பியை யாரும் கட்டுவதில்லை. அது கிணற்றடி வாழைக்குக் கீழே ஈரமண்ணில் ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறது.

கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரன், கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஒரு நல்ல ஓட்டம் கொடுக்கலாம் என்று எண்ணி, ஒன்பதே காலுக்கு இரண்டையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். காய்ந்த மணலில் நாற்பது நிமிடம் பந்து எறிந்து விளையாடியிருக்கிறார். செம்பி நான்கு தடவை ஓடிவிட்டு, கரையில் இழுத்துவைத்திருந்த தோணியின் நிழலில் மணலைப் பறித்துப் படுத்துக்கொண்டது. ரொக்கி நிறுத்தவில்லை. எறிந்ததை எடுத்துவரும் வேலைக்கென்றே பல தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இனம் அது. உடல் போதும் என்று சொன்ன பின்னும் பந்து பறந்தால் ஓடும். அதை நிறுத்துவது மனிதனின் வேலை என்பது பேரனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

திரும்பும் வழியில், தார் வீதியில், ரொக்கி பின்தங்கியது. இரண்டு தடவை பூவரச மரத்தடியில் படுத்துவிட்டது. நாக்கு அகன்று, நுனி மேல்நோக்கி வளைந்து, ஓரங்கள் கருஞ்சிவப்பாக இருந்ததை அவர் பின்னர் எனக்குச் சொன்னார். அப்போது அதை அடம் என்றே நினைத்தாராம். வீட்டில் தண்ணீர் இருக்கிறது, விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்கிறார். 10.35 அளவில் படலைக்குள் வந்ததும் பின்னங்கால்கள் பின்னிக்கொள்ள, ரொக்கி விழுந்தது.

அடுத்த ஐம்பது நிமிடத்தை வீட்டாரிடம் தனித்தனியே கேட்டு ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். மூவர் சேர்ந்து நாயை விறாந்தைக்குத் தூக்கினார்கள். நனைத்த பெரிய துவாய் ஒன்றை முதுகிலிருந்து வால்வரை போர்த்தினார்கள். தம்ளரால் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள்; அது இருமியது. உடம்பு கொதித்ததால் காய்ச்சல் என்று எண்ணி, பரசிற்றமோல் மாத்திரை ஒன்றில் பாதியைப் பொடித்து நாக்கில் வைத்தார்கள். 10.45 க்கு வீட்டு அம்மா என்னை அழைத்தார். “டொக்டர், உடம்பு நெருப்பாக் கொதிக்குது, கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறானில்லை” என்றார். நான் சொன்னது: “அம்மா, ஒண்டும் செய்ய வேண்டாம், உடனே கொண்டு வாங்கோ.” அயலவரின் வான் கிடைக்க 10.58 ஆயிற்று. நாய் பாய்ந்துவிடும் என்ற பயத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். 11.25 க்கு என் வாசலில் நின்றார்கள்.

வந்து சேர்ந்தபோது

குதவழி வெப்பநிலை 41.9 பாகை. நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 க்கும் 39.2 க்கும் இடைப்பட்டது; மனிதரைவிட அது சூடானது என்பதால் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 186. முரசு, அதாவது பல் ஈறு, செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு விநாடிக்குள் சிவப்புத் திரும்பியது. கண் திறந்திருந்தது, ஆனால் கையை அருகில் கொண்டுபோனபோது இமைக்கவில்லை. குருதி கலந்த கழிச்சல் வானிலேயே போயிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சொலி கேட்டது; அதைக் குறித்துவைத்தேன், அதன் பொருள் பின்னர்தான் விளங்கியது. குருதிக் குளுக்கோசு 52 மி.கி. மட்டுமே இருந்தது.

காய்ச்சலும் இதுவும் ஒன்றல்ல. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப மட்டத்தை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அந்த மட்டத்தைக் கீழே இறக்குகிறது. வெப்பத் தாக்கத்திலோ மட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தோற்றுவிடுகிறது. எனவே பரசிற்றமோல் வெப்பத்தை ஒரு பாகைகூடக் குறைக்காது. ஏற்கெனவே வெந்துபோயிருக்கும் ஈரலுக்கு மேலும் சுமையாகும். டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் இன்னும் கேடானவை. நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அவை நேரடியாகத் தாக்கும்.

மேசையில் ஏற்றவில்லை. பின்பக்கக் குழாயடியில் சீமெந்துத் தரையில் கிடத்தி, துவாயை அகற்றிவிட்டு, நீர்க்குழாயை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் ஓடவிட்டு, மின்விசிறி இரண்டை இருபக்கமும் வைத்தோம். உதவியாளர் நீரூற்ற, நான் முன்னங்கால் நாளத்தில் ஊசி ஏற்றிச் சேலைனும் குளுக்கோசும் கொடுத்தேன்; ஒட்சிசன் முகமூடியை மூக்கருகே பிடித்தோம்; மூச்சுக்காகத் திணறுவதே மேலும் வெப்பத்தை உண்டாக்கியதால் மிகச் சிறிய அளவில் அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தேன். 11.53 க்கு 39.4 பாகை வந்ததும் நீரை நிறுத்தித் துடைத்தோம். இந்த இடத்தில் நிறுத்துவது முக்கியம்; இயல்பு வரும்வரை ஊற்றினால் வெப்பநிலை அதையும் தாண்டிக் கீழே போய்விடும். ரொக்கியினுடையது நிறுத்திய பிறகும் இறங்கி 38.1 இல் நின்றது.

ஆறு நாட்கள்

வெப்பம் இறங்கியதும் ஆபத்து நீங்கியது என்று வீட்டார் நினைத்தார்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் வெப்பம் தொடக்கி வைத்தது அதன் பிறகுதான் தன் வேலையைச் செய்யும். 41 பாகைக்கு மேல் குடற்சுவர் தளர்ந்து, குடலில் அடைபட்டிருந்த நுண்ணுயிர்களும் அவற்றின் நச்சும் குருதிக்குள் கசிகின்றன. குருதிக் குழாய்களின் உட்சுவர் சேதமடைந்து, உடலெங்கும் சிறு உறைவுகள் உண்டாகி, உறையவைக்கும் பொருட்கள் தீர்ந்துபோய், பின்னர் எங்கும் குருதி கசியத் தொடங்குகிறது. தசை சிதைந்து வெளிவிடும் நிறப்பொருள் சிறுநீரகத்தை அடைக்கிறது. இவற்றில் சில ஒரு நாளுக்குப் பின்னும், சில மூன்று நாளுக்குப் பின்னும் தலைகாட்டும். விழுந்த நாய் எழுந்து வாலாட்டிவிட்டது என்று வீட்டோடு வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் குருதி வாந்தியுடன் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள் சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக வந்தது. குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் 118,000. கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தபோது 100 வெண்குழியங்களுக்கு 14 கருவுள்ள செங்குழியங்கள் இருந்தன. நுணுக்குக்காட்டி மட்டும் இருந்தாலே செய்யக்கூடிய எளிய கணிப்பு இது; வந்து சேரும்போது இந்த எண்ணிக்கை 18 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிழைப்பது கடினம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதினான்கு என்பது எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது.

இரண்டாம் நாள் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சிறுதட்டுகள் 41,000 க்கு இறங்கின, அடிவயிற்றிலும் முரசிலும் ஊசி குத்தியது போன்ற செந்நிறப் புள்ளிகள் தோன்றின, சிறுநீரகம் தளரும்போது குருதியில் தேங்கும் கழிவான கிரியற்றினின் 2.9 மி.கி. ஆயிற்று. இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் 1.5 க்கு மேல் நிற்பது நல்ல அறிகுறி அல்ல. உறைபொருள் அடங்கிய குருதிப் பிளாஸ்மா எங்களிடம் இருக்கவில்லை. உவர்மலையிலிருந்து ஒருவர் தமது 34 கிலோ எடையுள்ள இளம் நாயைக் கொண்டுவந்தார். இரு குருதிகளையும் தகட்டில் கலந்து ஒவ்வாமை இல்லையென்று கண்ட பின், அதனிடமிருந்து 400 மில்லிலீற்றர் எடுத்து, எடுத்த சூட்டோடு மெதுவாக ஏற்றினோம். முன்பின் அறியாத ஒருவர் தன் நாயின் காலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் எங்களோடு நின்றதை இந்தக் குறிப்பில் பதிந்துவைக்க விரும்புகிறேன்.

மூன்றாம் நாள் கிரியற்றினின் 3.6. அதற்கு மேல் ஏறவில்லை. சிறுநீர் தெளிந்தது; அன்று மாலை பெயர் சொல்லி அழைத்தபோது தலை திரும்பியது. நான்காம் நாள் சோற்றுக் கஞ்சியில் கோழிக் குழம்பின் தெளிவைச் சிறிதளவு நக்கியது. ஆறாம் நாள் கிரியற்றினின் 1.9 என்ற அளவில் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏன் அந்த நாள்

கிழக்கில் உள்ளவர்களுக்கு வெப்பம் என்றால் கச்சான் காற்றுத்தான். வைகாசி முடிவு தொடக்கம் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, இறங்க இறங்கச் சூடேறி, மேற்கிலிருந்து எங்களை வந்து அறையும். உதடு வெடிக்கும், புல் கருகும், மக்கள் நாய்களை உள்ளே கட்டுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆயினும் என்னிடம் வந்த மோசமான நிகழ்வுகளில் பல கச்சான் வீசிய நாட்களில் நடக்கவில்லை. இந்த நிகழ்வைப் போலக் கச்சானுக்கு முன், காற்று விழுந்து, வானம் மூடி, ஈரம் கனத்த சித்திரை நாட்களில் நடந்தன.

காரணம் நாயின் உடலமைப்பில் இருக்கிறது. மனிதருக்கு உடலெங்கும் வியர்வை. நாய்க்கு உள்ளங்கால் மெத்தையில் மட்டும் சிறிது. வெப்ப நாளில் மற்ற வேலையில் பெரும்பகுதியை மூச்சே செய்யவேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு 30 ஐத் தாண்டாத மூச்சு, இளைக்கும்போது 300 க்கு மேல் போகும். மூக்கினுள் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஈரமான சவ்வின் மீதும் நாக்கின் மீதும் காற்று ஓடி, ஈரம் ஆவியாகி, அந்த ஆவியோடு வெப்பம் வெளியேறுகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறைகிறது. நாய் இன்னும் வேகமாக இளைக்கிறது. இளைப்பதும் தசைவேலை என்பதால் அதுவே புது வெப்பத்தை உண்டாக்குகிறது. கச்சான் உடலை உலர்த்தும். ஆனால் குடிக்க நீரும் ஒதுங்க நிழலும் இருந்தால் அந்த உலர்ந்த காற்றில் மூச்சு தன் வேலையைச் செய்யும். காற்று விழுந்த ஈர நாளில் சட்டி நிறைய நீர் இருந்தும் மூச்சு தோற்றுவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெயில் காலத்தில் மாவட்ட வாரியாக வெளியிடும் வெப்ப எச்சரிக்கை, வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து மனித உடல் உணரும் வெப்பத்தைக் கணித்துச் சொல்வது. அதை நாய் வளர்ப்போரும் பார்க்கவேண்டும். ஆனால் அது வியர்க்கும் உடலுக்கான கணிப்பு என்பதை நினைவில் வைத்து, நாய்க்கு அதைவிட ஒரு படி கடுமையாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். கருவி எதுவும் இல்லாதவர்களுக்குத் தென்னோலையும் துணிக்கொடியும் போதும். காலை எட்டு மணிக்கு ஓலை அசையாமல், கொடியில் போட்ட துணி காயாமல் இருந்தால், வானம் எவ்வளவு மூடியிருந்தாலும் அன்று நாயை ஓடவிடக் கூடாது.

இரண்டு நாய்கள், ஒரே வெயில்

செம்பிக்கு எதுவும் நேரவில்லை என்பதால், ஊர் நாய்க்கு வெயில் ஒத்துக்கொள்ளும், சீமை நாய்க்குத்தான் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டு அம்மா முடிவு செய்திருந்தார். அதில் பாதி உண்மை. சிறிய, மெலிந்த உடலுக்கு எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு அதிகம். அது விரைவாகக் குளிரும். ரொக்கியின் ஏழு கிலோ மேலதிகக் கொழுப்பு வெப்பத்தை உள்ளே பூட்டி வைத்தது. கறுப்பு உரோமம் வெயிலை உறிஞ்சியது. பகல் முழுவதும் கட்டிக் கிடந்த உடல் உழைப்புக்குப் பழகியிருக்கவில்லை. வெப்பத்தில் உழைக்க ஒரு நாயின் உடல் ஓரளவு பழகவே இரண்டு மூன்று வாரம் வேண்டும், முழுமையாகப் பழக இரண்டு மாதம்வரை செல்லும். இவை அனைத்தும் உண்மையே. ஆனால் அன்று செம்பியைக் காப்பாற்றியவற்றில் பெரியது அதன் தீர்மானம். நான்கு ஓட்டத்தோடு நிறுத்தி, ஈர மணலைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டது. ரொக்கியும் இரண்டு தடவை பூவரசின் கீழ் அதே தீர்மானத்தைத்தான் எடுத்தது. சங்கிலி அதை எழுப்பிவிட்டது.

அந்தக் கீச்சொலிக்கு வருகிறேன். சில மாதங்களாகக் குரைக்கும் குரல் கரகரத்துப் போனதையும், சாப்பிடும்போது இடைக்கிடை செருமுவதையும் வீட்டார் வயதின் மேல் போட்டுவிட்டிருந்தார்கள். உடல் தேறிய பின் மெல்லிய மயக்கத்தில் குரல்வளையைப் பார்த்தபோது, மூச்சை இழுக்கையில் இரு பக்கமும் விலகவேண்டிய குருத்தெலும்பில் ஒன்று அசையாமல் நின்றது. முதிய லப்ரடோர்களில் அடிக்கடி காணப்படும் குரல்வளை வாதம் இது. சாதாரண நாளில் பாதி வாசல் போதும். நிமிடத்துக்கு முந்நூறு தடவை காற்று போய்வரவேண்டிய நாளில் போதாது. வயதான பெரிய நாயின் குரல் மாறினால், வெயில் காலம் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதை இந்த நிகழ்விலிருந்து நான் பெற்ற தனிப்பட்ட பாடமாகவே கருதுகிறேன். சப்பை மூக்கு இனங்களான பக், புல்டோக் முதலியவை பிறவியிலேயே இந்தக் குறுகிய வாசலோடு வாழ்கின்றன; அவற்றை இந்த நாட்டின் கரையோர வெப்பத்தில் வளர்க்க விரும்புவோர் வாங்குமுன் இருமுறை சிந்திக்கவேண்டும்.

பூட்டிய காரில் விடுவதே நாய்களுக்கு வெப்பத் தாக்கம் வரும் முதன்மை வழி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது கொடிய ஆபத்துத்தான்: வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 பாகை ஏறலாம், அதன் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும், கண்ணாடியை ஓரங்குலம் இறக்கி வைப்பதால் பயன் சொற்பம். எனினும் பிரித்தானியாவில் 2016 ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், காரணம் தெரிந்த வெப்பத் தாக்க நிகழ்வுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஓட்டமும் நடையும் விளையாட்டுமே காரணம் என்றும், கார் இருபதில் ஒரு பங்கு அளவே என்றும் கண்டார்கள். குளிர்நாட்டிலேயே அப்படி. ரொக்கியும் அந்த நான்கில் மூன்றில் ஒன்று.

ஐம்பது நிமிடம்

விழுந்ததிலிருந்து முதல் வாளி நீர் விழும்வரை ஐம்பது நிமிடம் கடந்தது. கிணறு விறாந்தையிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்தது.

இஸ்ரேலில் 54 நாய்களை வைத்துச் செய்து 2006 இல் வெளியான ஓர் ஆய்வில் பாதி நாய்கள் இறந்தன. 90 நிமிடத்துக்கு மேல் தாமதித்து வந்தவற்றுக்கும், உடற்பருமன் கொண்டவற்றுக்கும், வலிப்பு வந்தவற்றுக்கும் இறப்பு வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த ஆய்வைப் படித்திருந்ததால்தான் “உடனே கொண்டு வாங்கோ” என்றேன். நேரம் முக்கியம் என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டு, எதற்கான நேரம் என்பதைத் தவறவிட்டேன். மருத்துவரைச் சந்திக்கும் நேரத்தைவிட, உடல் 41 பாகைக்கு மேல் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதே உறுப்புகளின் விதியைத் தீர்மானிக்கிறது. “ஒண்டும் செய்ய வேண்டாம்” என்ற என் முதல் பாதி, கையில் வாளியோடு நின்றிருக்கக்கூடிய மூன்று பேரைச் சும்மா நிற்க வைத்தது. பிரித்தானியாவில் 2016 முதல் 2018 வரையான பதிவுகளிலும் வெப்பத்தால் தாக்கப்பட்ட நாய்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலானவையே பயணத்துக்கு முன் குளிர்விக்கப்பட்டிருந்தன என்று படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை.

முதலில் குளிர்விக்கவேண்டும், பிறகே ஏற்றவேண்டும். கிணற்று நீர், குழாய் நீர், கடல் நீர், எதுவாயினும் சரி. எங்கள் கரையோரக் கிணறுகளின் நீர் உவர்ப்பென்பதால் குடிக்கத் தகாது போகலாம், ஊற்றுவதற்குத் தடையில்லை. 28, 29 பாகையில் இருக்கும் கிணற்று நீர்கூட 42 பாகை உடலைவிடப் பதின்மூன்று பாகை குளிர்ந்தது. ஐஸ்கட்டி தேடி ஓடவேண்டிய அவசியமில்லை. குளிர்ந்த நீர் பட்டால் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளே அடைபடும் என்று முன்னர் கற்பித்தார்கள், நானும் மாணவப் பருவத்தில் அப்படியே எழுதினேன். இளமையும் உடல்நலமும் கொண்ட நாயைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே விரைவான வழி என்பது இன்றைய நிலை. ரொக்கி போன்ற முதிய, மூச்சுத் தடையுள்ள நாயை அமிழ்த்தாமல், தலையைத் தாழவிடாமல், மேலே ஊற்றிக்கொண்டே விசிறவேண்டும். மட்டையோ, சுளகோ, மடித்த பத்திரிகையோ போதும். நீரும் காற்றும் சேர்ந்தால்தான் ஆவியாதல் நடக்கும். போர்த்திய ஈரத்துவாய் சில நிமிடங்களில் உடலின் சூட்டை ஏற்றுக்கொண்டு, காற்றை மறித்து, போர்வை போலாகிவிடும். துவாயைக் கீழே விரித்து அதன்மேல் படுக்கவைத்தால் கேடில்லை. நினைவில்லாத நாயின் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். தானாக நக்கினால் கொடுக்கலாம். இடையில் அறுவை மதுசாரம் பூசுவோரும் உண்டு, அதையும் தவிர்க்கவேண்டும். பத்து நிமிடம் ஊற்றிய பின், ஈரம் சொட்டச் சொட்ட வாகனத்தில் ஏற்றி, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி ஓட்டவேண்டும். ஓட்டோ இதற்குக் கண்ணாடி ஏற்றிய வானைவிட நல்லது.

கட்டாக்காலி நாய்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வெப்பத்தால் தாக்கப்பட்ட நாய் எச்சில் ஒழுகத் தள்ளாடும், கூப்பிட்டால் உணராது, சில வேளை வெறித்துப் பார்க்கும். சந்தியில் நிற்பவர்கள் விசர் என்று கல்லெடுக்கிறார்கள். விசர்நோய் இந்த நாட்டில் இருப்பதால் அந்த அச்சத்தைக் குறைகூற முடியாது. தூர நின்று வாளியால் நீர் வீசலாம், நிழலுக்கு வழிவிடலாம், வாயருகே கை வைக்கக் கூடாது. கடித்தால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். எங்கள் நகரத்து வீதிகளில் திரியும் புள்ளிமான்களுக்காகச் சில கடைக்காரர்கள் வாசலில் வாளியில் தண்ணீர் வைக்கிறார்கள். நண்பகலில் அதே வாளியில் நாய்களும் குடிப்பதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன்.

வீட்டில் மாறியவை

ரொக்கியை அனுப்பிய மறுவாரம் அந்த வளவுக்குப் போனேன். பிற்பகல் ஒரு மணிக்குத் தகரக் கொட்டிலினுள் மானியை வைத்தேன். 41 பாகை காட்டியது. அதே நேரம் செம்பியின் வாழையடிக் குழியில் 31. காலையில் நிழலாக இருக்கும் மேற்குப் பக்கம் மதியத்துக்குப் பின் முழு வெயிலை வாங்குகிறது. சங்கிலி நீளத்துக்கு அப்பால் நிழல் நகரும்போது நாயால் கூடவே நகர முடியாது. தகரத்தை எடுத்துவிட்டுக் கிடுகு வேய்ந்தார்கள். பிறகு அந்தக் கொட்டிலே தேவைப்படவில்லை, ஏனெனில் படலைக்குக் குறுக்கே ஒரு சிறு கம்பிவேலி அடித்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள். மண்சட்டிகள் இரண்டு, ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும்படி, வளவின் இரு மூலையில் வைக்கப்பட்டன. நடை காலை ஏழு மணிக்கு முன் அல்லது பொழுது சாய்ந்து தார் ஆறிய பின். நண்பகலில் 60 பாகையை எட்டக்கூடிய தார், மாலை ஐந்து மணிக்கும் மெத்தையைச் சுடும் சூட்டிலேயே இருக்கும், ஆகவே புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்த்தே இறங்குகிறார்கள். கழுத்துப்பட்டிக்குப் பதில் மார்பைச் சுற்றிய வார். உரோமத்தை மொட்டையடிக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அதுவே. உதிர்ந்த உள்மயிரை வாரி எடுத்தால் போதும். சோற்றின் அளவைக் குறைத்து, மாலைக்கு மாற்றினோம்.

என் சிகிச்சை நிலையத்தில் மாறியது ஒன்றுதான். தொலைபேசிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், யார் எடுத்தாலும் அதையே முதலில் வாசிக்கிறார்கள்: “பக்கத்தில் தண்ணீர் இருக்கா? இப்பவே ஊத்துங்கோ, விசுக்குங்கோ. பத்து நிமிசத்துக்குப் பிறகு வெளிக்கிடுங்கோ.”

ஆவணியின் நடுவில், சூரியன் மீண்டும் திருகோணமலைக்கு நேர் மேலே வரும் ஓகஸ்ட் மாத இறுதியில், ரொக்கியைத் திரும்பப் பார்த்தேன். எடை 33.5 கிலோ. கிரியற்றினின் 1.6 இல் நிற்கிறது. சிறுநீரின் அடர்த்தி 1.018, அதாவது சிறுநீரகம் நீரை முன்போல் இறுக்கிப் பிடிக்கவில்லை, இனி பிடிக்கப் போவதுமில்லை. வாழ்நாள் முழுவதும் அது கூடுதலாகக் குடிக்கவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை குருதி பார்க்கவேண்டும். குரல்வளைச் சத்திர சிகிச்சைக்காகப் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கண்டிக்கு ஏறும் அந்தப் பயணத்தை மார்கழியின் குளிர்ந்த காலத்துக்குத் தள்ளியிருக்கிறோம். அன்று ரொக்கியைக் கொண்டுவந்தவர் பேரன். காலை ஏழரை மணிதான். ஓட்டோவின் கதவருகே குந்தி, என் வாசல் தாரில் புறங்கையை வைத்து, உதட்டசைவில் ஏழுவரை எண்ணிவிட்டு, அதன் பிறகே அதை இறக்கினார்.